சர்வரை எந்த ஊரில் வைப்பது? பேட்டையிலிருந்து டேட்டா சென்டர் வரை

எங்கள் வட்டாரத்தில் பேட்டை என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தங்குடி, சிவகாசி, திருமங்கலம். ராமநாதபுரச் சீமையின் 'ஆறு ஊர்' என்று நாடார் வணிக வரலாற்றில் வரும் பட்டியல் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சரக்கெல்லாம் மாட்டுவண்டியில்தான் போனது. வழிப்பறி பயம் அதிகம். அதனால் வணிகர்கள் ஒன்றுசேர்ந்து சுற்றுச்சுவர் வைத்த வளாகங்களைக் கட்டினார்கள். வண்டியை உள்ளே விடலாம், மாட்டை அவிழ்த்துக் கட்டலாம், சரக்கை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். செலவுக்கு மகமை என்று ஒரு பொது வசூல். வண்டி உன்னுடையது, சரக்கு உன்னுடையது; சுவரும் காவலும் பொது.

இன்று கோலொகேஷன் என்று சொல்வது அச்சு அசல் இதேதான். சர்வரை நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அதை வைக்க ஒரு ரேக், அறுந்துபோகாத கரண்ட், ஏசி, நாலைந்து கம்பெனிகளின் இணைய லைன், வாசலில் காவல் எல்லாம் டேட்டா சென்டர்காரருடையது. மாதாமாதம் மகமை. (ரேக் வாடகை என்று பில்லில் போட்டிருப்பார்கள்.)

இதை எழுதக் காரணம், எங்கள் ஊர்ப் பையன் ஒருவர். மில்களுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தருகிறார். கிளவுடுக்குக் கட்டும் வாடகை வருமானத்தில் பெரும்பகுதியை விழுங்க ஆரம்பித்ததும், சொந்தமாக ஆறு சர்வர் வாங்கி எங்காவது விலை குறைந்த ஊரில் வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். மும்பை, சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, கோயம்புத்தூர் என்று வரிசையாக விலை கேட்டு ஒரு அட்டவணை அனுப்பினார். கடைசி வரி மட்டும் காலி. பெயர் இருந்தது, தொகை இல்லை: அருப்புக்கோட்டை. கீழே ஒரு குறிப்பு: "அண்ணே, நம்மூர்லயே ஒரு ரூம் எடுத்து வச்சா என்ன? இடம் சும்மா கெடக்கு."

அவருக்கு நான் சொன்ன பதில் ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் 150 வருஷக் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'இடம் சும்மா கெடக்கு' என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உண்மைதான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் இரண்டு பக்கமும் பாருங்கள், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். ஆனால் ஒரு ரேக் 5 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். 43,800 யூனிட். அதைக் குளிர்விக்கவும், யுபிஎஸ் தின்பதற்கும் சேர்த்து 1.6 மடங்கு என்று வைத்தால் 70,080 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் வருஷம் 5,60,640 ரூபாய். இனி நிலம். ஒரு ரேக், நடக்கும் சந்து, ஜெனரேட்டரில் அதன் பங்கு எல்லாம் சேர்த்து 60 சதுர அடி என்போம். சென்னைப் புறநகரில் சதுர அடி 8,000 என்றால் 4,80,000. நம்மூர்க் காட்டுக்குள் 300 என்றால் 18,000. வித்தியாசம் 4,62,000 ரூபாய், அதுவும் ஒரே ஒரு முறை. பத்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷம் 46,200. மாடி மேல் மாடி கட்டினால் அதுவும் குறைந்துபோகும். விலைகள் எல்லாம் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. நீங்கள் வேறு எண்களைப் போட்டுப் பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது. நிலம் ஒரு தடவை, கரண்ட் வருஷா வருஷம். சும்மா கிடக்கிற இடத்தால் மிச்சமாவது கரண்ட் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆக, கேள்வி நிலத்தைப் பற்றியது அல்ல. கரண்டும் லைனும் எந்த ஊரில் கிடைக்கும் என்பதுதான்.

இதே கேள்வியை எங்கள் கரிசல்காடு ஒரு தடவை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. அப்போது இயந்திரத்தின் பெயர் சர்வர் அல்ல, நூற்பாலை.

1876ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. பாதை விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி வழியாகப் போனது. ஆறு ஊரில் திருமங்கலம், விருதுபட்டி இரண்டும் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டன. அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி நின்றுவிட்டன. 20 கிலோமீட்டர் என்ன தூரம் என்று இப்போது தோன்றும். பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டிக்கு அது ஒரு ராத்திரிப் பயணம். விருதுநகர் இன்று பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லும் சந்தையாக இருப்பதில் அந்த ஸ்டேஷனுக்குப் பெரிய பங்கு உண்டு. அருப்புக்கோட்டை நெசவு ஊராகவே தொடர்ந்தது. எங்களுக்கு ரயில் வந்தது 1960களில், மானாமதுரை - விருதுநகர் மீட்டர்கேஜ் பாதையாக. அந்தப் பாதை அகலப் பாதையானது 2013ல்.

ரயில் ஒரு பாதி. மறுபாதி, ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற இரண்டு சகோதரர்கள். 1880களில் இவர்கள் நெல்லைச் சீமையில் முதல் நூற்பாலையை எங்கே வைத்தார்கள்? பருத்தி விளைகிற கரிசலில் இல்லை. ரயில் நின்ற ஊரிலும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பாபநாசம் அருவிக்குப் பக்கத்தில், விக்கிரமசிங்கபுரத்தில். தாமிரபரணி மேலிருந்து விழும் வேகத்தில் ஆலையைச் சுழற்றினார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ரயில் எட்டிப்பார்க்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அதுவரை பஞ்சு வண்டியில் மேற்கே போனது, நூல் வண்டியில் திரும்பி வந்தது. பஞ்சை வண்டியில் ஏற்றலாம், அருவியை ஏற்ற முடியாதே! அடுத்த ஆலை தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் (1908ல் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் அங்கேதான்). அதற்கடுத்தது மதுரையில், 1892ல், ரயிலை ஒட்டி. மூன்று இடங்கள், மூன்று காரணங்கள். பருத்தி எங்கே விளைகிறது என்பது அந்தக் காரணங்களில் ஒன்றுகூட இல்லை.

1932ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தபோதுதான் அருவியைக் கம்பியில் ஏற்ற முடியும் என்று ஆனது. அந்தக் கரண்ட் முதலில் போய்ச் சேர்ந்தது கோயம்புத்தூருக்கு. அதன்பின் அங்கே ஆலைகள் பெருகிய கதை எல்லோருக்கும் தெரியும்.

சரி, லைனுக்கு வருவோம். சென்னையில் ஏன் இத்தனை டேட்டா சென்டர் என்று கேட்டால், 'ஐடி கம்பெனிகள் இருக்கிறதே' என்பார்கள். நான் இன்னும் பழைய காரணத்தைச் சொல்வேன். 1870-71ல், பம்பாயிலிருந்து சூயஸ் வழியாக லண்டனுக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்ட கையோடு, மெட்ராஸிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கம்பி போட்டார்கள். வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடக்க மெட்ராஸ் வசதியான கரை. 2002ல் வி.எஸ்.என்.எல். வைத்திருந்த வெளிநாட்டுத் தொலைபேசி ஏகபோகம் முடிந்தது. அதே வருஷம் பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து போட்ட ஐ-டூ-ஐ கேபிள், சுமார் 3,200 கிலோமீட்டர், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போனது. 2004ல் டாடாவின் கேபிளும் அதே இரண்டு ஊர்களுக்கு இடையில். நூற்றுமுப்பது வருஷம் கழித்தும் கம்பி அதே கடலைத்தான் தேடிப் போயிருக்கிறது. செம்புக்குப் பதில் கண்ணாடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு கேபிள் கரையேறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 2006ல் பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து தூத்துக்குடியிலிருந்து கொழும்பை ஒட்டிய கல்கிசைக்கு 325 கிலோமீட்டர் கேபிள் போட்டார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து நான்குவழிச் சாலையில் எட்டயபுரம் தாண்டினால் தூத்துக்குடி, காரில் ஒன்றரை மணி நேரம். ஆனாலும் அந்தக் கேபிளால் தூத்துக்குடி இன்னொரு சென்னை ஆகவில்லை. ஒரே ஒரு அக்கரைக்குப் போகும் ஒற்றைப் பாலம் அது. பல பாதைகள் கூடும் இடத்தில்தான் சந்தை கூடும். ஆறு ஊரில் எந்தெந்த ஊர் பெருத்தது என்று பார்த்தாலே இது புரியும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். பில்லிங் சாஃப்ட்வேருக்கு சிங்கப்பூர் எதற்கு? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டர் என்றால் போக வர 5 மில்லிநொடி. நடுவில் உள்ள கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும் கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. சரியான கேள்விதான். லைன் என்று நான் சொல்வது வேகத்தை அல்ல, எண்ணிக்கையை. எங்கள் ஊரில் ஒரு கட்டடத்துக்கு ஒன்றிரண்டு கம்பெனிகளின் ஃபைபர் வரும். ரோட்டோரம் குழாய் பதிக்க ஒரு ஜேசிபி வந்தால் போச்சு, அன்றைக்கு ராஜபாளையத்திலும் கரூரிலும் பில் போட முடியாது. சென்னையில் ஒரு நல்ல டேட்டா சென்டருக்குள் பத்துக்கு மேல் கம்பெனிகள் லைன் வைத்திருக்கும். ஒன்று போனால் இன்னொன்று. போட்டி இருப்பதால் விலையும் இறங்கும்.

இன்னொரு வேடிக்கை. அருப்புக்கோட்டையில் ஒரே தெருவில் இரண்டு வீடு. ஒருவர் ஒரு கம்பெனி இணைப்பு, எதிர்வீட்டுக்காரர் வேறு கம்பெனி. இவர் சர்வரிலிருந்து அவர் கணினிக்குத் தகவல் பெரும்பாலும் தெருவைக் குறுக்கே கடந்து போகாது. சென்னைக்கோ மும்பைக்கோ போய், அங்கே இரண்டு கம்பெனிகளும் கைகோர்க்கும் இடத்தில் மாறி, திரும்பி வரும். அப்படிக் கைகோர்க்க 2003ல் நிக்ஸி என்ற அமைப்பு ஆரம்பித்தபோது முதலில் தேர்ந்தெடுத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. நம்ம பஞ்சு பாபநாசம் போய் நூலாகத் திரும்பி வந்த மாதிரிதான்.

இனி கரண்ட். இங்கேதான் எங்கள் பக்கத்து ஆட்கள் சூடாகிவிடுவார்கள். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் கமுதி. 2016ல் அங்கே அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைத் திறந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சோலார் நிலையம் என்று செய்தி வந்தது. சுமார் 2,500 ஏக்கர். 25 லட்சம் பலகைகள். மழை பொய்க்கும் பூமியில் கடைசியில் வெயிலாவது காசானதே என்று ஒரு சந்தோஷம் எனக்கும் இருந்தது. அப்புறம் என்ன, கரண்ட் விளைகிற இடத்திலேயே சர்வரை வைக்கலாமே?

வைக்கலாம். ஆனால் விலை குறையாது. தமிழ்நாட்டில் உயரழுத்த மின்கட்டணம் மாநிலம் முழுக்க ஒன்றுதான். கமுதி துணைமின் நிலையத்துக்கு எதிரிலேயே கட்டடம் கட்டினாலும், 500 கிலோமீட்டர் தள்ளி சிறுசேரியில் கட்டினாலும் யூனிட்டுக்கு ஒரே ரேட். போதாததற்கு, சென்னையில் இருக்கும் நிறுவனம் தென் மாவட்டக் காற்றாலைக் கரண்டையும் சோலார் கரண்டையும் ஒப்பந்தம் போட்டு மாநில மின்கம்பி வழியாகவே வாங்கிக்கொள்ள முடியும். விளைச்சல் எங்கே என்பதை கிரிட் அழித்துவிடுகிறது. தவிர, சூரியன் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடும். சர்வருக்கு ராத்திரி கிடையாது.

இந்த ஒரே ரேட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அதே ஏற்பாடுதான் குண்டாற்றுக் கரையில், திருச்சுழி பக்கத்து விவசாயியின் மோட்டாருக்கு இலவசக் கரண்டையும் கொண்டுவருகிறது. தூரத்துக்கு ஏற்ப விலை என்று ஆரம்பித்தால், ஆதாயம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

ஆனால் வேறு விதமாக நடந்த ஊரும் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குவின்சி என்று ஒரு சிற்றூர். சில ஆயிரம் பேர். எங்கள் வானம் பார்த்த பூமியைவிட வறண்டது. பாசனத்தில் ஆப்பிளும் உருளைக்கிழங்கும் விளைவிப்பவர்கள். மைக்ரோசாஃப்ட் அங்கே 2007ல் பெரிய டேட்டா சென்டரைத் திறந்தது. பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். காரணம் கொலம்பியா ஆறு. அந்த ஆற்றின் இரண்டு அணைகள் கிராண்ட் கவுண்டி மக்களின் பொது மின் அமைப்புக்குச் சொந்தம். அணைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அமெரிக்காவிலேயே மிக மலிவான விலைகளில் ஒன்றில் கரண்ட். இன்னொரு விஷயம், அந்த மின் அமைப்பே 2000ஐ ஒட்டிய வருஷங்களில் கிராமம் கிராமமாக ஃபைபரும் போட்டுவைத்திருந்தது. நிலம் சும்மா கிடந்ததால் யாரும் போகவில்லை. கரண்டும் லைனும் ஊர்க்காரர்கள் கையில் இருந்தன, அதனால் போனார்கள்.

கடல் இல்லாத ஹைதராபாத் எப்படி வளர்ந்தது என்று கேட்பீர்கள். தெலங்கானா 2016லேயே டேட்டா சென்டருக்கென்று தனிக் கொள்கை போட்டது (தமிழ்நாடு 2021ல்). தக்காணப் பாறை, புயல் கிடையாது. 2022ல் மைக்ரோசாஃப்ட் அறிவிப்பு, அதே வருஷம் அமேசானின் புதிய மையங்கள். இவ்வளவு பெரிய ஆட்கள் லைனைத் தேடிப் போவதில்லை, கூடவே இழுத்துக்கொண்டு வருவார்கள். 2025 அக்டோபரில் கூகுள் விசாகப்பட்டினத்துக்கு 1,500 கோடி டாலர் அறிவித்தபோது கடலடிக் கேபிளும் சேர்த்தே அறிவிப்பில் இருந்தது. ஆறு சர்வர் வைத்திருக்கும் ஆள் அப்படிப் பேரம் பேச முடியாது. அவர் ஏற்கெனவே கூடியிருக்கிற பேட்டையில் இடம் கேட்க வேண்டியதுதான்.

நம் பக்கத்திலிருந்தே ஒரு உதாரணம் சொன்னால் இன்னும் தெளியும். ஸோஹோ 2011ல் தென்காசி அருகே மத்தளம்பாறைக்குப் போனது. சாஃப்ட்வேர் எழுத சென்னைதான் வேண்டும் என்ற எண்ணத்தை அது உடைத்தது. நான் ரொம்பவும் மதிக்கும் முடிவு. ஆனால் இந்திய வாடிக்கையாளர்களின் தகவலை வைத்திருக்கும் அவர்களின் டேட்டா சென்டர்கள் மும்பையிலும் சென்னையிலும்தான் இருக்கின்றன. மனுஷன் கிராமத்துக்குத் திரும்பலாம். சர்வர் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. இது எங்களுக்கு நஷ்டமா என்றால், பெரிய நஷ்டம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு டேட்டா சென்டர் கட்டி முடித்தபின் அதில் வேலை செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான். குளிர்விக்கும் முறையைப் பொறுத்து தண்ணீரும் குடிக்கும். நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற ஊர். தேர்ந்தெடுக்கச் சொன்னால் மத்தளம்பாறையைத்தான் கேட்பேன், அம்பத்தூரை அல்ல.

அம்பத்தூர் என்றதும் ஞாபகம் வருகிறது. 1960களில் உருவான அந்தத் தொழிற்பேட்டையும் சுற்று வட்டாரமும், பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரியும்தான் இன்று சென்னையின் டேட்டா சென்டர் வட்டாரங்கள். பெயரிலேயே பேட்டை இருக்கிறது பாருங்கள்.

சென்னை குறையில்லாத ஊர் என்று சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் வர்தா, 2019 கோடையில் ஏரிகள் வறண்டது, 2023 டிசம்பர் மிக்ஜாம். எட்டு வருஷத்தில் நான்கு. அதனால் அந்தப் பையனிடம் சொன்னது: நான்கு சர்வர் சென்னையில், இரண்டு சர்வர் ஹைதராபாத்தில். ஒரே புயல் இரண்டு ஊரையும் சேர்த்து அடிக்காது. மும்பை வேண்டாம், நாட்டின் டேட்டா சென்டர் திறனில் ஏறக்குறைய பாதி அங்கேதான், ஆனால் வாடிக்கையாளர் எல்லாம் தமிழ்நாட்டில் இருக்கும்போது அந்த விலை எதற்கு?

அவர் அட்டவணையில் ரேக் வாடகை மட்டும்தான் இருந்தது. இன்னும் மூன்று பத்தி சேர்க்கச் சொன்னேன். கரண்ட் ஓடிய யூனிட்டுக்கா, ஒதுக்கிய கேவிஏவுக்கா? ரேக்கிலிருந்து இணையக் கம்பெனியின் ரேக்குக்கு இழுக்கும் ஒரு கேபிளுக்கு மாதம் எவ்வளவு? ராத்திரி இரண்டு மணிக்கு டிஸ்க் போனால் அங்கே இருக்கிற ஆள் மாற்றித் தருவாரா, மணிக்கு என்ன கூலி? கடைசியாகக் கேட்டதில்தான் விலை குறைந்த ஊர் எது என்பது அவருக்கு மாறிப்போனது. கூலி ஆள் இல்லாத இடத்தில் அவரே போக வேண்டும். அருப்புக்கோட்டை வழியாகச் சென்னை போகும் சிலம்பு எக்ஸ்பிரஸ் வாரத்தில் மூன்று நாள்தான்.